செவ்வாய்க் கல்லுக்கு வண்டிச் சத்தம்

செவ்வாய்க் கிரகம் கண்ணுக்குத் தென்படும் மாதங்களில், இரவுச் சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். நட்சத்திரங்கள் எல்லாம் கண் சிமிட்டும். அவற்றின் நடுவே, கண் சிமிட்டாமல், குங்குமப் பொட்டைப் போல் ஒன்று தெரியும். அந்தப் பொட்டில் தண்ணீர் உண்டா, இல்லையா என்று மனிதன் விவாதிக்கத் தொடங்கி ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் ஆகிறது.

1877-ல் இத்தாலிய வான சாஸ்திரி ஷியாபரெல்லி, அங்கே சில கோடுகளைக் கண்டு 'கனாலி' என்றார். ஓடை என்றும் பொருள் கொள்ளலாம். வெட்டிய கால்வாய் என்றும் கொள்ளலாம். இங்கிலீஷ்காரர்கள் இரண்டாவதையே பிடித்துக் கொண்டார்கள். கால்வாய் என்றால் வெட்டியவன் ஒருவன் வேண்டும் அல்லவா? பெர்ஸிவல் லோவல் என்ற அமெரிக்கச் செல்வந்தர், 1894-ல் அரிஸோனாவில் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு வானாராய்ச்சி நிலையமே கட்டிவிட்டார்! துருவத்துப் பனியை உருக்கி வயலுக்குப் பாய்ச்சும் செவ்வாய்வாசிகளைப் பற்றிப் புத்தகங்களும் எழுதினார்.

1965 ஜூலையில் 'மாரினர்-4' அருகே பறந்து சென்று, 21 முழுப் படங்களும் இன்னொரு படத்தின் துணுக்கும் அனுப்பியது. சந்திரனைப் போல் வெறும் குழிகள்! கால்வாயும் இல்லை, வெட்டியவனும் இல்லை. ஆனால் 1971-ல் 'மாரினர்-9' கிரகத்தைச் சுற்றி வந்தபோது, வறண்டுபோன ஆற்றுப் படுகைகள் தெரிந்தன. அப்படியானால் ஒரு காலத்தில் தண்ணீர் ஓடியிருக்கிறது!

1976-ல் இரண்டு 'வைக்கிங்' யந்திரங்கள் இறங்கி, மண்ணில் உயிரைத் தேடின. அடித்துச் சொல்லும்படியான பதில் கிடைக்கவில்லை. 1975-ல் அவற்றை ஏவிய அமெரிக்கா, அதன் பிறகு 1992 வரை செவ்வாய்க்கு ஒரு கப்பலும் அனுப்பவில்லை. 1992-ல் அனுப்பியதும், மறு வருஷம் கிரகத்தை நெருங்கும் சமயத்தில் காணாமற் போயிற்று.

கற்பூரம் போன்ற பனி

தண்ணீரைக் கையால் தொட்டதுபோல் காட்டியது 'பீனிக்ஸ்'. அதற்கு அந்தப் பெயர் வந்த கதை சுவையானது. 2001-ல் போவதற்காகச் செய்யப்பட்ட யந்திரம் அது. 1999-ல் அதன் ஜோடி செவ்வாயில் இறங்கும்போது தொலைந்து போனதால், இதன் பயணத்தை ரத்துச் செய்து மூலையில் வைத்துவிட்டார்கள். பின்னர் மறுபிறவி கொடுத்து அனுப்பினார்கள். சாம்பலிலிருந்து எழும் பறவைதானே பீனிக்ஸ்!

2008 மே மாதம் வடதுருவத்துக்கு அருகே இறங்கி, அது மண்ணைத் தோண்டியது. சில அங்குல ஆழத்தில் வெள்ளைக் கட்டிகள். நாலு நாளில் அவற்றைக் காணோம்! உப்பானால் அப்படியே கிடக்கும். பனிக்கட்டியோ, அங்குள்ள மெல்லிய காற்றில் உருகாமலே நேரே ஆவியாகிவிடும். நம் வீட்டில் திறந்து வைத்த கற்பூரம் கரைவது போல. பிறகு மண்ணை அடுப்பிலிட்டுச் சூடாக்கினார்கள். வந்தது நீராவி! சந்தேகம் தீர்ந்தது.

புள்ளி விழுந்த கல்

2021 பிப்ரவரியில் 'பெர்ஸிவரன்ஸ்' வண்டி, பழைய ஏரிப் பள்ளமான ஜெஸீரோவில் இறங்கியது. 2024 ஜூலையில், சிறுத்தைத் தோல்போல் புள்ளி விழுந்த ஒரு பாறையைக் குடைந்து, விரலளவு கல்லைக் குழாயில் அடைத்துக்கொண்டது. பூமியில் இத்தகைய புள்ளிகளை நுண்ணுயிர்கள் உண்டாக்குவதுண்டு. உயிரில்லாமலும் உண்டாகலாம். எது உண்மை? கல்லை இங்கே கொண்டுவந்து சோதித்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

இங்கேதான் வண்டிச் சத்தம் பற்றிய பேச்சு வருகிறது. செவ்வாயின் தரையிலிருந்து இதுவரை எந்த ராக்கெட்டும் கிளம்பியதில்லை. கற்களைக் கொண்டுவர 800 முதல் 1,100 கோடி டாலர் ஆகும் என்று 2023-ல் ஒரு சுயேச்சைக் குழு கணக்குச் சொன்னது. இவ்வளவு பணம் தாங்காது, 2040 வரை காத்திருக்கவும் முடியாது என்று 2024-ல் நாஸாவே கையை விரித்தது. திட்டத்தைக் கைவிடும்படி 2025-ல் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் யோசனை கூறியது. 2028-ஐ ஒட்டிப் புறப்பட்டுச் செவ்வாய்க் கல்லைக் கொண்டுவரச் சீனா திட்டமிட்டிருக்கிறது.

"இங்கே பசித்த வயிறுகள் இருக்கையில் அங்கே எதற்குக் கல் பொறுக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கையும் பாருங்கள். அமெரிக்க மத்திய சர்க்கார் நூறு ரூபாய் செலவழித்தால், 1966-ல் நாலு ரூபாய்க்கு மேல் நாஸாவுக்குப் போயிற்று. இப்போது போவது எட்டணாவுக்கும் குறைவு. சிக்கனமாய்ச் செய்யவும் வழியுண்டு. நமது 'மங்கள்யான்' 450 கோடி ரூபாய்ச் செலவில், முதல் முயற்சியிலேயே 2014 செப்டம்பர் 24-ந் தேதி செவ்வாயை அடைந்ததே! சுற்றி வருவது வேறு, கல்லோடு திரும்பி வருவது வேறு என்பதும் உண்மைதான். ஆனால் அணைந்த அடுப்பை மறுபடி மூட்ட எத்தனை காலமாகும் என்பதற்கு, வைக்கிங்குக்குப் பின் கழிந்த பதினேழு வருஷங்களே சாட்சி.

இல்லாத கால்வாயைப் பார்க்க லோவல் தம் சொந்தப் பணத்தைக் கொட்டினார். இருக்கிற தண்ணீரைக் கண்டு, கல்லையும் எடுத்து வைத்துவிட்ட நாம், கூலிக்குத் தயங்கி நிற்கிறோம்!

புள்ளிக் கல்லை வண்டி தன் வயிற்றிலேயே வைத்திருக்கிறது. வேறு பத்துக் குழாய்களை, எதற்கும் இருக்கட்டும் என்று, 2023 ஜனவரிக்குள் மணலில் வரிசையாக வைத்துவிட்டது. அங்கே பூட்டும் இல்லை, காவலும் இல்லை. திருட யாரும் வரமாட்டார்கள். எடுக்கத்தான் யாராவது போக வேண்டும்.