‘புனைபெயர்’ என்று சந்தேகிக்கப்பட்ட பெண்: ரெபேக்கா கிளார்க்கின் இசை மீண்டு வந்தது எப்படி?

1919ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு இசைப் போட்டி. வயோலாவும் பியானோவும் சேர்ந்து வாசிக்க ஒரு புதிய படைப்பை எழுதி அனுப்ப வேண்டும். வந்து குவிந்தவை 70க்கும் மேல். எழுதியவர் பெயர் நடுவர்களுக்குத் தெரியாது.

கடைசியில் இரண்டு படைப்புகள் மிஞ்சின. 6 நடுவர்களும் மூன்றுக்கு மூன்று என்று பிரிந்துவிட்டார்கள். போட்டியை நடத்திய எலிசபெத் ஸ்ப்ரேக் கூலிட்ஜ் தன் வாக்கைப் போட்டு முடிவு செய்தார். பரிசு எர்னஸ்ட் பிளாக்குக்குப் போனது.

சரி, இரண்டாவது யார்? உறையைப் பிரித்துப் பார்த்த நடுவர்களுக்கு ஆச்சரியம். அது ஒரு பெண்: ரெபேக்கா கிளார்க்.

அதோடு விட்டார்களா? அப்படி ஒரு ஆளே கிடையாது, அது பிளாக்கின் புனைபெயராக இருக்கும் என்றுகூட பத்திரிகைகளில் பேச்சு கிளம்பியது.

யார் இந்த ரெபேக்கா கிளார்க்?

1886ல் லண்டன் அருகே ஹாரோவில் பிறந்தவர். அப்பா அமெரிக்கர், அம்மா ஜெர்மானியர். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் படித்தபோது, ஆசிரியர் ஸ்டான்ஃபோர்டின் பேச்சைக் கேட்டு வயலினை விட்டு வயோலாவுக்கு மாறினார். வயோலா பார்க்க வயலின் மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் பெரியது, குரல் தாழ்ந்தது.

1910ல் அப்பாவோடு சண்டை. வீட்டை விட்டு வெளியே அனுப்பிவிட்டார். அதன்பின் வயோலா வாசித்தே பிழைத்தார். 1912ல் லண்டன் குயின்ஸ் ஹால் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தார். தொழில்முறை ஆர்கெஸ்ட்ராவில் இடம் கிடைத்த முதல் சில பெண்களில் ஒருவர்.

அவருக்கே தன் பெயர் மீது ஒரு தயக்கம் இருந்ததுதான் வேடிக்கை. 1918ல் நியூயார்க் கச்சேரியில் தன் படைப்புகளில் ஒன்றை மட்டும் ‘அந்தோணி ட்ரென்ட்’ என்ற ஆண் பெயரில் போட்டார். விமர்சகர்கள் கவனித்தது இல்லாத அந்த ட்ரென்டைத்தான்!

ஏன் மறந்துபோனார்?

கிளார்க் எழுதியதில் முக்கியமானது சேம்பர் மியூசிக். இரண்டு பேர், மூன்று பேர், நான்கு பேர் என்று சின்னக் குழு வாசிப்பது. நடத்துநர் கிடையாது; ஒவ்வொருவருக்கும் தனி வரி. இந்த இசை உயிரோடு இருக்க ஒரே வழி, அதன் அச்சுப் பிரதி கலைஞர்கள் கைக்குக் கிடைப்பதுதான். கிளார்க்கின் படைப்புகளில் பெரும்பகுதி அச்சேறவே இல்லை. வாசிக்க எதுவும் கையில் இல்லாதபோது யார் வாசிப்பார்கள்?

இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது அமெரிக்காவில் மாட்டிக்கொண்டார். 1942ல் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். 1944ல் பழைய நண்பரான பியானோ கலைஞர் ஜேம்ஸ் ஃப்ரிஸ்கினை மணந்தார். அதற்குப் பின் எழுதியது மிகக் குறைவு. காலையில் எழுந்ததும் முதல் நினைப்பும், இரவில் தூங்கும் முன் கடைசி நினைப்பும் இசையாக இருந்தால்தான் தன்னால் எழுத முடியும் என்பது அவர் சொன்ன காரணம். கணவர் எழுதச் சொல்லியும் எழுதவில்லை.

திரும்பிய கவனம்

1970களில் நியூயார்க்கில் ஒரு வானொலிக்காரர் அவரைத் தேடிப் போனார். கேட்கப் போனது பியானோ கலைஞர் மைரா ஹெஸ் பற்றி. பேச்சுவாக்கில்தான், எதிரில் இருக்கும் பாட்டியே ஒரு இசையமைப்பாளர் என்று தெரியவந்தது. 1976ல் கிளார்க்கின் 90வது பிறந்தநாளையொட்டி வானொலியில் தனி நிகழ்ச்சி ஒலிபரப்பானது. கலைஞர்கள் மறுபடி அவர் படைப்புகளைத் தேட ஆரம்பித்தார்கள்.

1979ல், 93 வயதில் காலமானார். 2000ல் அமெரிக்காவில் அவர் பெயரில் ஒரு சங்கம் தொடங்கியது. ‘ட்ரென்ட்’ பெயரில் வந்த ‘மார்ஃபியஸ்’ 2002ல் கிளார்க் பெயரிலேயே அச்சானது.

எதிலிருந்து கேட்கலாம்?

போட்டியில் பரிசைத் தவறவிட்ட அந்த வயோலா சொனாட்டாவிலிருந்தே தொடங்கலாம். ஒரு அறைகூவல் போல வயோலா எழும் முதல் சில நொடிகளைத் தவறவிடாதீர்கள். இன்று உலகெங்கும் வயோலா மாணவர்கள் வாசிக்கும் படைப்பு இது. பிடித்துப்போனால், 1921ல் எழுதிய பியானோ ட்ரியோ அடுத்தது. ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. போன் ஸ்பீக்கரில் வயோலாவின் கீழ்க்குரல் சரியாகக் கேட்காது.