ரீவி உடைகிறதா? ஒரு துண்டு வயர் போதும்

கேபிளுக்கு மாதாமாதம் காசு கட்ட முடியாத புதுக் குடும்பங்களுக்கு அன்ரெனாதான் கைகொடுப்பது. கனடாவின் பெரிய நகரங்களில் 2011 ஆகஸ்ட் 31 உடன் அனலொக் நின்று டிஜிற்றல் வந்தது. அன்ரெனாவில் பிடித்தால் இன்றும் காசில்லை.

நாங்கள் ரொறன்ரோவில் குடியேறிய மாடியின் யன்னலில் சீ.என். கோபுரம் தெரியும். படம் பளிங்குபோல வரும் என்று நினைத்தோம். வந்ததோ கட்டம் கட்டமாய் உடைந்த முகங்கள். எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத காலம் அது. வீட்டில் அவள் காதில் ஆங்கிலம் விழுந்தது சிறுவர் நிகழ்ச்சியால்தான். அதுவும் பாதியில் உறைந்துவிடும்.

காரணம் அலை குறைவல்ல, கூடுதல். அதே கோபுரத்திலிருந்து எப்.எம். வானொலிகளும் ஒலிபரப்பாகின்றன. அந்த வலிய அலை அன்ரெனா அம்பிளிபயரைத் திணறடித்துவிடும். (அதைத் தேவையில்லாமல் வாங்கிப் பூட்டியதும் நாங்கள்தான்! ஆனால் இரண்டு அறைக்கும் வயர் பிரித்தபின் கழற்ற முடியவில்லை.)

எங்களோடு வேலை செய்யும் ஒரு வானொலிப் பிரியர் வழி சொன்னார். அம்பிளிபயருக்கு முன்னால், ஒரு சாதாரண ரீ வடிவ இணைப்பியில் அதே ரீவி வயரின் துண்டொன்றைத் தொங்கவிட வேண்டும். ஸ்பிளிற்றர் சரிவராது. துண்டின் மறுநுனி திறந்தபடி. நடுக்கம்பி வலையில் முட்டக்கூடாது. துண்டின் நீளம் கால் அலை. உள்ளே போன அலை நுனியில் திரும்பித் தலைகீழாக வந்து, வரும் அலையை அழிக்கும்.

75ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் மீற்றர். எப்.எம். பகுதியின் நடுவான 98க்கு 76.5 ச.மீ. வயருக்குள் அலை மெதுவாகப் போவதால் அதைக் குறைக்க வேண்டும். இங்கேதான் பிழைத்தோம். பழைய கெட்டி பிளாஸ்ரிக் வயருக்குரிய 0.66ஆல் பெருக்கி 50 ச.மீ. வெட்டினோம், ஒரு மாற்றமும் இல்லை. இப்போதைய நுரை வயருக்கு ஏறக்குறைய 0.82, அதாவது 63 ச.மீ. குறைத்து வெட்டியதை ஒட்ட முடியாது, புதுத் துண்டுதான். இம்முறை 68இல் தொடங்கி, நைற் சிப்ற் முடிந்து வந்து, அரை அரைச் ச.மீ.ஆக நறுக்கினோம். மகள் ரீவிக்கு முன்னால் இருந்து "இன்னும், இன்னும்" என்றாள். பிறகு "காணும் அப்பா" என்றாள்.

ஒரு குறை உண்டு. இத்துண்டு 5 மடங்கையும், அதாவது 490 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தையும், விழுங்கும். அங்கே உங்களுக்கு வேண்டிய சனல் இருந்தால் கடையில் எப்.எம். வடிகட்டி என்று கேட்டு வாங்குங்கள்.