பழைய கார் வாங்கப் போனோம்: பெட்ரோலா, டீசலா?



விடுதிச் சாம்பாரைப் பற்றிய வாதத்துக்கு அடுத்தபடியாக நம்மவரிடையே ஓயாமல் நடப்பது, ‘பெட்ரோல் கார் நல்லதா, டீசல் கார் நல்லதா’ என்ற வாதந்தான். மெட்ரோ ரயிலில் நின்றுகொண்டே போய்வரும் நமக்கு இதனால் ஆகப்போவது என்ன? நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், 2025 நவம்பரில் என் சித்தப்பா தொலைபேசியில் அழைக்கும் வரை.

சித்தப்பா டில்லி மயூர் விஹாரில் குடியிருப்பவர். பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். சித்திக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, வாரம் மும்முறை டயாலிசிஸ் நடக்கிறது. மருத்துவமனை 9 கிலோமீட்டர் தூரம். விடியற்காலைக் குளிரில் வாடகைக் காருக்குக் காத்து நின்று அலுத்துப்போய், சொந்தமாக ஒரு வண்டி வாங்கத் துணிந்தார். இடது முழங்காலில் அறுவை செய்துகொண்டவராதலால் கிளச்சை மிதிக்க இயலாது. ஆட்டோமேட்டிக் வண்டிதான் வேண்டும். கையில் இருந்தது நாலேகால் இலட்சம். அதற்குமேல் ஒரு காசும் கிடையாது.

கரோல் பாகில் ஒரு வியாபாரி இரண்டு வண்டிகளைக் காட்டினார். இரண்டும் 2017 ஜூனில் பதிவானவை. டீசல் வண்டி மூன்றரை இலட்சம். பெட்ரோல் வண்டி 4 இலட்சத்து 20 ஆயிரம். “தம்பி, நீ பௌதிகம் படிக்கிறவன். எழுபதாயிரம் குறைகிறது, மைலேஜும் கூடுதல். டீசலையே முடித்துவிடலாமா?” என்றார் சித்தப்பா.

பௌதிகத்தை மட்டும் கேட்டால் டீசல் பக்கந்தான் அது பேசும். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக அமுக்கப்பட்டு, மின்பொறியால் பற்றிக்கொள்கின்றன. டீசல் எஞ்சினிலோ வெறுங்காற்று பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்கப்படுகிறது. அந்த அமுக்கத்திலேயே காற்று காய்ந்து, பீச்சியடிக்கும் எண்ணெயைப் பற்றவைத்துவிடுகிறது. அமுக்கம் மிகுந்தால் அதே வெப்பத்திலிருந்து கூடுதல் வேலை கிடைக்கும். போதாததற்கு, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேலாகவே ஆற்றல் அடங்கியிருக்கிறது. 1897-இல் ருடால்ப் டீசலின் எஞ்சினைச் சோதித்தபோது, எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியதைக் கண்டு உலகம் வியந்தது. எனக்கும் அந்த எஞ்சின்மேல் இன்றுவரை ஒரு காதல் உண்டு என்பதை மறைப்பானேன்?

ஆனால் சித்தப்பா வாங்கப்போவது எஞ்சினை அல்ல, காரை; அதுவும் டில்லியில்.

முன்னொரு காலத்தில் டீசலுக்கு அரசு விலைக்கட்டுப்பாடு இருந்தது. பெட்ரோலைவிட வெகு மலிவு. 2014 அக்டோபரில் கட்டுப்பாடு நீங்கியது. 2020 ஜூனில் டில்லியில் டீசல் விலை பெட்ரோலையே தாண்டிவிட்டது! 2025-இல் பெட்ரோல் லிட்டர் ஏறத்தாழ 95 ரூபாய், டீசல் 88. மருத்துவமனையும் கடைத்தெருவுமாகச் சித்தப்பா ஓட்டுவது மாதம் 300 கிலோமீட்டர். நகர நெரிசலில் டீசல் வண்டி லிட்டருக்கு 18, பெட்ரோல் வண்டி 11 என்று வைத்தேன். மாதம் மிச்சம் ஆயிரத்து நூறு ரூபாய். அற்பமென்று தள்ளக்கூடிய தொகை அன்று.

அப்படியானால் டீசல் வண்டியை அவ்வளவு குறைத்துக் கொடுப்பானேன்? விடை ஆயுட்காலத்தில் இருக்கிறது. டில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் பத்தாண்டு கடந்த டீசல் வண்டி ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. பெட்ரோலுக்குப் பதினைந்து ஆண்டு. 2018-இல் உச்ச நீதிமன்றமும் இதையே நிலைநிறுத்தியது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாக்கி உரிமையாளர்மேல் கடும் நடவடிக்கை வேண்டாம் என்று இடைக்காலமாகச் சொல்லியிருந்தது. வியாபாரி அதைத்தான் வேதவாக்காக ஓதினார். இடைக்கால உத்தரவை நம்பி ஆயுட்காலச் சேமிப்பைப் போடலாமா? நான் காகிதத்தில் வகுத்துக் காட்டினேன். டீசல் வண்டிக்கு உறுதியாக உள்ளது 19 மாதம். மாதத்துக்குப் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு மேல் விழுகிறது. பெட்ரோலுக்கு 79 மாதம், மாதம் 5,300. எரிபொருள் மிச்சம் ஆயிரத்து நூறை அதனுடன் கூட்டினாலும் எங்கே இருக்கிறது பாருங்கள்! (அடுத்த மாதமே, டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4-க்குக் கீழ்ப்பட்ட வண்டிகளுக்கு இல்லையென்று நீதிமன்றம் சுருக்கியது. இந்த வண்டி பி.எஸ்.4 ஆகையால் தப்பியது; ஆனால் உத்தரவு மாறக்கூடியது என்பது தெரிந்துபோயிற்று.)

இதனினும் பெரிதாக எனக்குப் பட்டது வேறொன்று. நாங்கள் போன அந்த நாட்களில், காற்று மாசுக்காக மூன்றாம் படிக் கட்டுப்பாடு அமலில் இருந்தது. அப்போது பி.எஸ்.4 டீசல் கார் டில்லிச் சாலையில் ஓடக்கூடாது. மீறினால் 20,000 ரூபாய் அபராதம். பி.எஸ்.4 பெட்ரோல் காருக்கு அத்தடை இல்லை. டயாலிசிஸ் காற்றின் நிலையைக் கேட்டுக்கொண்டா காத்திருக்கும்?

“ஊருக்குக் கொண்டுபோனால் ஆயிற்று” என்றார் சித்தப்பா, அரைமனதாக. உண்மைதான். தமிழ்நாட்டில் இந்தப் பத்தாண்டுத் தடை இல்லை; தடையின்மைச் சான்று பெற்று, அங்கே வரி கட்டி மறுபதிவு செய்யலாம். மதுரையிலிருந்து மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு நானே டீசலைத்தான் சொல்வேன். சித்தியின் மருத்துவமனை மயூர் விஹாருக்கு அருகிலல்லவா இருக்கிறது!

குட்டிப் பயணமும் டீசலுக்கு ஆகாது. எஞ்சின் நன்றாகக் காயுமுன்னே ஊர் வந்துவிட்டால் கரி உள்ளேயே படியும். 2020-க்குப் பிந்திய பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் கரிவடிகட்டி வேறு உண்டு. அதில் சேரும் கரியை எரிக்க 600 பாகை அளவு வெப்பம் வேண்டும். 9 கிலோமீட்டர் நெரிசலில் அது எங்கே கிடைக்கும்?

கியர்ப்பெட்டியைக் கவனிக்க மறவாதீர்கள். அந்த டீசல் வண்டியில் இருந்தது சாதாரணக் கியரும் கிளச்சுந்தான். காலுக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது. நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் கிளச்சுத் தட்டு தேயும். பெட்ரோல் வண்டியில் எஞ்சினையும் கியரையும் இணைப்பது எண்ணெய்ச் சுழற்சி. எரிபொருளைக் கொஞ்சம் விழுங்கினாலும், தேயும் தொல்லை குறைவு. பிரேக்கில் கால் வைத்தபடி முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிப் பார்த்தேன். பெட்ரோல் வண்டி சாதுவாக இருந்தது. டீசல் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிற்று. நாங்கள் வருமுன்பே அதன் எஞ்சினைச் சூடேற்றி வைத்திருந்தார்கள் என்பதும் மூடியைத் தொட்டதும் தெரிந்தது. குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறதென்று பார்க்காமல் எவரும் பணம் கொடுக்கலாகாது.

பெட்ரோல் வண்டியை நாலு இலட்சத்துப் பத்தாயிரத்துக்கு முடித்தோம். மிச்சம் பதினையாயிரத்தில் புது பாட்டரியும் காப்புறுதியும் ஆயின. லிட்டருக்குப் பதினொன்று என்ற என் கணக்குத்தான் பொய்த்தது. பத்தரைக்கு மேல் ஏறமாட்டேனென்கிறது. ஞாயிறுதோறும் நான் சாப்பிடப் போகும்போது சித்தப்பா அதைச் சொல்லிக் காட்டாமல் விடுவதில்லை.