சீசாவுக்குள் ஒரு கப்பல்

பத்தாம் வகுப்பு மாணவி

அலைகடல் மீது அசைந்து செல்லும் கப்பலைப் பலரும் கண்டிருப்பீர்கள். ஆனால் ஒரு சிறு கண்ணாடிச் சீசாவுக்குள் பாய் விரித்து நிற்கும் கப்பலைக் கண்டதுண்டா? சீசாவின் வாயோ பெருவிரல் நுழையும் அளவுதான். உள்ளே நிற்கும் கப்பலோ அதைப்போல் மூன்று மடங்கு உயரம்! என்னே விந்தை!

“சீசாவின் அடியை அறுத்து, பிறகு ஒட்டியிருப்பார்கள்” என்றாள் எங்களுள் ஒருத்தி. “கப்பலை வைத்துவிட்டு அதைச் சுற்றிக் கண்ணாடியை ஊதியிருப்பார்கள்” என்றாள் மற்றொருத்தி. இரண்டும் தவறு. உருகிய கண்ணாடியின் வெப்பத்தில் மரக் கப்பல் ஒரு நொடியில் கருகிவிடும் அன்றோ? கப்பல் சீசாவின் வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது. எப்படி என்பதை, எங்கள் பள்ளிக் கண்காட்சிக்காக நாங்கள் நால்வர் ஒரு கப்பலைச் செய்தபோதுதான் அறிந்துகொண்டோம்.

எங்களுக்கு ஆசானாக வாய்த்தவர் எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா. முப்பது ஆண்டுகள் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். இளமையில் தாமே செய்து பாட்டிக்குக் கொடுத்த சீசாக் கப்பல் ஒன்று, வீடு மாறும்போது உடைந்துவிட்டதாம். மீண்டும் ஒன்று செய்ய அவருக்கு ஆசை. ஆனால் இப்போது கை நடுங்குகிறது. கண்ணும் சரியாகத் தெரிவதில்லை. “நான் வாயால சொல்லுதேன், நீங்க கையால செய்யுங்க பிள்ளைகளா” என்றார்.

பொறுமைச் சீசாவின் வரலாறு

சீசாவுக்குள் முதலில் புகுந்தது கப்பல் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் மத்திய ஐரோப்பாவின் சுரங்க ஊர்களில், மண்ணுக்கடியில் ஆட்கள் வேலை செய்யும் காட்சியை மரத்தில் செதுக்கி, அடுக்கடுக்காகச் சீசாவுக்குள் அமைத்தார்கள். நம் ஆண்டவரின் பாடுகளை நினைவூட்டும் சிலுவை, ஏணி, ஆணிகள் ஆகியவற்றையும் இவ்வாறே வைத்தார்கள். ஜெர்மானியர் இவற்றுக்கு இட்ட பெயர் ‘பொறுமைச் சீசா’ என்பதாகும். எவ்வளவு பொருத்தமான பெயர்!

இக்கலையில் மறக்க முடியாத ஒருவர் மத்தியாஸ் புக்கிங்கர். 1674-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்த இவருக்குப் பிறவியிலேயே கைகளும் இல்லை, கால்களும் இல்லை. உயரம் 29 அங்குலம் மட்டுமே. அப்படிப்பட்டவர் 1719-இல் சுரங்கக் காட்சி கொண்ட சீசா ஒன்றைச் செய்தார். 1724-இல் தம் உருவத்தைத் தாமே வரைந்தார். அப்படத்தில் தலைமுடிச் சுருள்களை உற்று நோக்கினால், அவை வெறும் கோடுகள் அல்ல. ஏழு சங்கீதங்களும் பரலோக மந்திரமும் நுண்ணிய எழுத்துகளாக எழுதப்பட்டிருக்கின்றன! பத்து விரல்கள் இருந்தும் “என்னால் முடியாது” என்று சொல்லும் நாம் நாண வேண்டாமா?

கப்பல் பிறகு வந்தது. ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழைய சீசாக் கப்பல்களுள் ஒன்று 1784-ஐச் சேர்ந்தது. அது ஜெர்மனியின் லூபெக் நகரில் உள்ளது. ஆயினும் இக்கலை மாலுமிகளிடையே பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்குமுன் சீசாக்கள் பெரும்பாலும் கரும்பச்சை நிறத்தில், குமிழிகள் நிறைந்து இருந்தன. தெளிந்த கண்ணாடிச் சீசாக்கள் மலிவாகக் கிடைத்த பிறகுதான் உள்ளே வைத்த கப்பல் நன்றாகத் தெரிந்தது. பாய்க்கப்பலில் மாதக் கணக்காகப் பயணம். வேலை முறை முடிந்த நேரத்தில் மாலுமியிடம் இருந்தவை ஒரு பேனாக்கத்தி, கொஞ்சம் மரத்துண்டு, நூல், ஒரு காலிச் சீசா. அவற்றைக் கொண்டு தான் வாழும் கப்பலையே சிறிதாகச் செய்து, கரையில் காத்திருக்கும் குடும்பத்துக்குக் கொண்டுசென்றான்.

அண்மைக் காலத்திலும் இக்கலை மறையவில்லை. யிங்கா ஷோனிபாரே என்னும் கலைஞர், 1805-இல் டிரஃபால்கர் போரில் நெல்சன் தளபதியாக இருந்து உயிர்நீத்த ‘விக்டரி’ கப்பலை முப்பதில் ஒரு பங்கு அளவில் செய்து, மிகப் பெரிய சீசாவுக்குள் நிறுத்தினார். அதன் 37 பாய்களும் பூப்போட்ட வண்ணத் துணிகள். 2010-இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் வைக்கப்பட்ட அது, 2012-இல் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்துக்குச் சென்றது.

கப்பல் உள்ளே போகும் வழி

முதலில் அளவு எடுக்க வேண்டும். எங்கள் சீசாவின் வாய் உள்ளளவு 18 மில்லிமீட்டர். வயிற்றின் உள்ளளவு 70 மில்லிமீட்டர். எனவே கப்பலின் உடலை 12 மில்லிமீட்டருக்கு மேல் அகலமின்றிச் செதுக்கினோம். மடக்கிய பாய்மரமும் பாயும் அதன்மேல் படுத்தபடி சேர்ந்து நுழைய வேண்டுமல்லவா? கடலுக்கு 15 மில்லிமீட்டர் ஒதுக்கியபின் எஞ்சிய உயரத்துக்குள் பாய்மரம் அடங்க வேண்டும். இந்தக் கணக்கில் ஒரு நூலளவு தவறினாலும் கப்பல் வெளியிலேயே நிற்கும், அல்லது உள்ளே போய் நிமிர முடியாமல் முட்டும்.

மெல்லிய மூங்கில் குச்சிகளே பாய்மரங்கள். இங்குதான் இரகசியம் இருக்கிறது. பாய்மரத்தின் அடியை நேரே தளத்தில் ஒட்டுவதில்லை. அடியில் ஊசியால் ஒரு துளையிட்டு, மெல்லிய கம்பியை அதனுள் செலுத்தி, அதன் இரு முனைகளையும் தளத்தில் பதிக்கிறோம். இப்போது பாய்மரம் கதவுக் கீல்போல் பின்பக்கம் சாயும், மீண்டும் நிமிரும்.

இனி நூல்கள். பாய்மரத்தின் இரு பக்கமும் தாங்கும் நூல்களைப் பாய்மரத்தின் அடிக்குச் சற்றுப் பின்னால் கப்பலின் விளிம்பில் கட்டுகிறோம். பாய்மரம் பின்னே சாயும்போது அவை தளரும், நிமிரும்போது விறைக்கும். ஆகவே பாய்மரம் நேராக நின்றதும் அதற்குமேல் முன்னே வராதபடி அவை தடுத்துவிடும். பாய்மர உச்சியிலிருந்து முன்னோக்கி வரும் நூல் மட்டும் கப்பலின் மூக்கில் உள்ள சிறு துளை வழியே வெளியே நீண்டு தொங்கும். பாய்களை மெல்லிய காகிதத்தில் வெட்டி, தேநீரில் நனைத்துக் காயவைத்தோம். பழைய பாய்த்துணியின் நிறம் வந்துவிட்டது.

கடல் செய்ய, சன்னல் கண்ணாடி பதிக்கும் மக்கில் நீல வண்ணம் கலந்து, நீண்ட கம்பியால் சீசாவுக்குள் பரப்பினோம். உடைந்த குடைக் கம்பியே எங்கள் கருவி. ஒன்றின் நுனியை வளைத்துக் கொக்கியாக்கினோம். மற்றொன்றின் நுனியில் பிளேடுத் துண்டைக் கட்டினோம்.

பிறகு பாய்மரங்களைச் சாய்த்து, பாய்களைச் சுருட்டி, பின்பக்கம் முதலில் போகுமாறு கப்பலை உள்ளே செலுத்திக் கடலில் அழுத்தினோம். வெளியே தொங்கும் நூல்களை மெல்ல இழுத்தோம். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பாய்மரங்களும் எழுந்து நின்றன! அந்த நொடியில் நாங்கள் எழுப்பிய கூச்சல் கேட்டு அடுத்த அறையிலிருந்த சிஸ்டர் ஓடி வந்துவிட்டார்கள்.

நாங்கள் கற்ற பாடம்

ஆனால் வேலை அத்துடன் முடியவில்லை. நூல் வெளிவரும் துளையில் ஒரு துளி பசை வைத்து, அது நன்றாக இறுகிய பின்னரே மிச்ச நூலை அறுக்க வேண்டும். “ஒரு ராத்திரி முழுக்க விடணும்” என்று தாத்தா மும்முறை சொல்லியிருந்தார். எங்களுள் ஒருத்தி ஒரு மணி நேரத்திலேயே அறுத்துவிட்டாள். கண்ணெதிரே மூன்று பாய்மரங்களும் சாய்ந்தன. அறுந்த நூல் துளைக்குள் போய்விட்டதால் மீண்டும் இழுக்க வழியில்லை. கப்பலை வெளியே எடுக்கும்போது நடுப் பாய்மரமும் முறிந்தது. மூன்று வார உழைப்பு!

அன்று நாங்கள் சண்டையிட்டதை மறைக்க மாட்டோம். இரண்டு நாள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அறுத்தவள் யார் என்பதை இங்கே எழுதுவதில்லை என நால்வரும் முடிவு செய்திருக்கிறோம். ஏனெனில், அவள் அறுக்காவிட்டால் மற்ற மூவரில் ஒருத்தி அறுத்திருப்பாள். எல்லோருக்குமே அவசரம் இருந்தது.

மூன்றாம் நாள் தாத்தாவிடம் சென்று தலைகுனிந்து நின்றோம். அவர் கோபிக்கவில்லை. முறிந்த பாய்மரத்தைக் கண்ணருகே வைத்துத் தடவிப் பார்த்தார். “நானும் முதக் கப்பல்ல இப்படித்தான் அறுத்தேன். அதனாலதான் மூணு தடவை சொன்னேன்” என்றார். பிறகு, “கண்காட்சிக்கு இன்னும் எத்தனை நாள்?” என்று கேட்டார். பதினேழு நாள் இருந்தது.

இரண்டாம் கப்பலைப் பன்னிரண்டு நாளில் முடித்தோம். இம்முறை பசை வைத்தபின், யாரும் அறுத்துவிடாதபடி பிளேடுக் கம்பியைச் சிஸ்டரிடமே கொடுத்துவிட்டோம்! மறுநாள் காலைப் பூசை முடிந்து வந்து நூலை அறுத்தோம். பாய்மரங்கள் அசையவில்லை. மக்கின் ஆவி கண்ணாடியில் படியாதிருக்க, சீசாவைக் கண்காட்சிவரை மூடாமலே வைத்திருந்தோம். சில வாரங்கள் கழித்தே தக்கையால் மூடி மெழுகு வைத்தோம்.

கண்காட்சியில் முதற் பரிசு புகை கக்கும் எரிமலைக்குக் கிடைத்தது. எங்களுக்குப் பரிசில்லை. ஆனால் எங்கள் மேசையருகே நின்ற கூட்டம் மாலைவரை கலையவில்லை. “எப்படி உள்ளே போனது?” என்று கேட்காதவர் இல்லை. கடைசியாக வந்தவர் தாத்தா. சீசாவைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “மூணும் நேரா நிக்குதா?” என்று கேட்டார். “நிற்கிறது தாத்தா” என்றோம். அந்தக் கப்பலை, மதரின் அனுமதியோடு, அவருக்கே கொடுத்துவிட்டோம். இப்போது அது அவர் வீட்டில், பாட்டியின் படத்துக்குக் கீழே இருக்கிறது.

அன்புத் தோழியரே! குறுகிய வாய் வழியாகப் பெரிய கப்பல் போக முடியாது என்றே எல்லோரும் நினைப்பர். மடங்க வேண்டிய இடத்தில் மடங்கி, காத்திருக்க வேண்டிய நேரத்தில் காத்திருந்து, நிமிர வேண்டிய இடத்தில் நிமிர்ந்தால் அதுவும் போகும். அரசுத் தேர்வை எதிர்நோக்கி நிற்கும் நாங்கள், இந்தப் பாடத்தைச் சீசாவிடம் கற்றுக்கொண்டோம். நீங்களும் ஒரு கப்பல் செய்து பாருங்கள். நூலை மட்டும் அவசரப்பட்டு அறுத்துவிடாதீர்கள்!