ஒக்கி சொன்ன பாடம்: ஆழ்கடலுக்கு எட்டாத எச்சரிக்கை

2017 நவம்பர் 29-ல் இலங்கை அருகே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஒரே நாளில் ஒக்கி புயலாகி குமரிக் கடலைப் புரட்டிப்போட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் பலர் அதற்குப் பல நாள் முன்பே தங்குகடலுக்குப் போயிருந்தார்கள். செல்போன் சிக்னல் கரையிலிருந்து சில கிலோமீட்டரோடு சரி. விஹெச்எஃப் ரேடியோவும் அவ்வளவு தூரம் எட்டாது. புயல் வருகிறது என்ற செய்தி கரையோடு நின்றது. குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை.

இந்தக் குறையைப் போக்க, 2019-ல் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையம் ‘ஜெமினி’ கருவியைக் கொண்டுவந்தது. செயற்கைக்கோள் அனுப்பும் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் மூலம் மீனவரின் செல்போனுக்குத் தரும். ஆனால், படகிலிருந்து பதில் அனுப்ப அதில் வழியில்லை. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் இப்போது விசைப்படகுகளில் பொருத்தப்படும் டிரான்ஸ்பாண்டரில் இருபக்கமும் தகவல் போகும்.

எந்தக் கருவி இருந்தாலும், படகில் எத்தனை பேர், எந்தத் திசைக்கு, எத்தனை நாள் என்பதைக் கரையில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தேடுபவர்களுக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்!