பதினாறு நாளும் ஐம்பது நிமிடமும்

1984இல் அப்பா இறந்தபோது எனக்குப் பதினொரு வயது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாசலில் கீற்றுப் பந்தல் எழும்பும் முன்பே பெண்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு தோளில் தோள் சேர வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஒப்பாரி சொன்னார்கள். சோறு மாமன் வீட்டிலிருந்து வந்தது. பதினாறாம் நாள் வரை அம்மாவை யாரும் தனியே படுக்க விடவில்லை.

ஒப்பாரியில் ஓர் இடம் இருந்தது என்பது பெரியவளான பிறகுதான் எனக்கு விளங்கியது. செத்தவரைச் சாக்கிட்டுத் தன் பாட்டையும் அதில் பாடிவிடலாம். எதிர்வீட்டு அக்கா அப்பாவை அண்ணா என்று விளித்து, புருஷன் குடித்துவிட்டு அடிப்பதையும் மாமியார் சோற்றுப்பானையை மறைப்பதையும் ராகத்தோடு சொன்னாள். எல்லோரும் கேட்டார்கள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மறுநாள் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பதினாறாம் நாள், அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுத அதே கைகள்தான் அவள் பூவையும் பொட்டையும் எடுத்தன. அதைப்பற்றி அம்மா இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

மருத்துவரிடம் போகலாம் என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்காது. தமிழ்நாட்டின் பழைய அரசு மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே வசவாகப் புழங்கிய காலம். தீராத மனக்கலக்கம் என்றால் கோடாங்கியிடமோ தர்காவுக்கோ போனார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்கா இருக்கும் ஏர்வாடியில், நோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த காப்பகம் ஒன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளிதழை அம்மா மடித்து வைத்துவிட்டாள்.

அவள் விரும்பிப் படித்தது வாரமலரில் அனுராதா ரமணன் எழுதிவந்த ‘அன்புடன் அந்தரங்கம்’ பகுதியை. பெண்கள் பெயரையும் ஊரையும் மறைத்துத் தங்கள் குடும்பக் கதையை எழுதியனுப்புவார்கள். அனுப்பிய எல்லோருக்கும் அச்சில் பதில் வர வழியில்லை. வந்தாலும் ஒரே ஒரு பதில்தான், திருப்பிக் கேட்க முடியாது. ஆனாலும் முகம் காட்டாமல் மனதைத் திறக்கும் பழக்கம் நமக்குக் கைப்பேசியோடு வந்ததல்ல, தபால்பெட்டியோடு வந்தது என்றே நினைக்கிறேன்.

பின்னாளில் மருத்துவரும் திரை வழியே வந்தார். டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, 2010இல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. நோயாளி அதில் ஏறித் திரைக்கு முன் உட்காருவார். சென்னையிலிருந்து மருத்துவர் பேசுவார். மருந்தும் அங்கேயே கிடைத்துவிடும். பத்தாண்டுகள் கழித்து, 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய நாளிலேயே தொலைமருத்துவத்துக்கான மைய அரசின் நெறிமுறைகள் வெளிவந்தன. 2022 அக்டோபரில் டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை வந்தது. 14416 என்ற எண்ணை அழைத்தால் எந்நேரமும் காசில்லாமல் தமிழில் பேசலாம்.

என் தங்கையின் கணவர் 2021 மே மாதம் கொரோனாவில் போனார். உடல் வீட்டுக்கு வரவில்லை. பந்தல் இல்லை, பறை இல்லை, கட்டிக்கொள்ள யாரும் வரக்கூடாது. கைகூப்பிய படங்கள் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்தன. அவள் எட்டு மாதம் அழவேயில்லை. பிறகு தோழி ஒருத்தி சொல்லி, ஆன்லைனில் ஓர் உளவியல் ஆலோசகரிடம் பேசத் தொடங்கினாள். ஐம்பது நிமிடத்துக்கு 1,200 ரூபாய். பிள்ளைகளும் மாமனாரும் இருக்கும் இரண்டு அறை வீட்டில் கதவைச் சாத்த முடியாது. அதனால் கோயம்புத்தூர் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நிற்கும் காரில் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பேசுவாள்.

வார்டிலிருந்து கணவர் கடைசியாக அழைத்தபோது, அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்திருக்கிறாள். அதை எங்கள் யாரிடமும் அவள் சொல்லவில்லை. ஆலோசகரிடம்தான் முதலில் சொன்னாள். அவரும் கேட்டுவிட்டு விடவில்லை. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அந்தப் பாலுக்கே திரும்பி வந்து, அன்று என்ன நடந்தது, அப்புறம் என்ன செய்தாய் என்று நிதானமாகக் கேட்டிருக்கிறார். எதிர்வீட்டு அக்காவிடம் யாராவது ஒருவர் மறுநாள் அப்படிக் கேட்டிருக்கலாம்.

சிலநேரம் அழுகை நடுவே சிக்னல் போய் முகம் அப்படியே உறைந்துவிடும். பொறுக்க முடியாமல் அழும்போது, “தண்ணி குடிங்க, நான் இங்கதான் இருக்கேன்” என்று குரல் வரும். கை வராது. பேசி முடித்ததும் காரின் கண்ணாடியில் முகம் பார்த்துத் துடைத்துக்கொண்டு, லிஃப்ட் ஏறி, பிள்ளைகளுக்குத் தோசை வார்க்கப் போவாள்.

ஒருமுறை அம்மா அங்கே போய்த் தங்கியிருந்தாள். “யாருகிட்டடி பேசுறா?” என்று என்னிடம் போனில் கேட்டாள். டாக்டர் மாதிரி ஒருத்தங்க என்றேன்.

“அழுவுறாளா?”

“அழுவா.”

அன்று அம்மா ஒரு பிளாஸ்கில் காப்பியை ஊற்றிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறாள். கண்ணாடியைத் தட்டவில்லை. வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி, காருக்குச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு, கதவு திறக்கும்வரை உட்கார்ந்திருந்தாளாம். அடுத்த வாரமும் போனாள்.