தேயிலைப் பெட்டியும் ஒளிநாடாவும்: பீற்றில்ஸ் தொகுப்பின் தொடக்க ஆண்டுகள் பற்றிச் சில குறிப்புகள்

மேனாட்டு றொக் இசைக்குழு ஒன்றின் தொடக்க காலத்தைக் காட்டும் ஒளிநாடாத் தொகுப்பினைத் தமிழாய்விதழ் ஒன்றிலே ஆராய்வதற்கு நியாயம் யாதென வாசகர் வினவலாம். அதற்கான விடை ஒரு மரப்பெட்டியிலே உள்ளது.

1956, 1957ஆம் ஆண்டுகளில் பிரித்தானிய நகரங்களிலே ‘ஸ்கிபிள்’ என்னும் இசைமுறை இளைஞரிடையே வேகமாகப் பரவிற்று. மலிவான கிற்றார் ஒன்றைத் தவிர விலைகொடுத்து வாங்கவேண்டிய கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. துணி தேய்க்கும் பலகையை விரலுறைகளால் உரசித் தாளம் எழுப்பினர். ஆழ்ந்த சுருதிக்கோ வெற்றுத் தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் துடைப்பக் கம்பை நிறுத்தி, கம்பின் நுனியிலிருந்து பெட்டிக்கு ஒரு கயிற்றைக் கட்டி மீட்டினர். கம்பைச் சாய்த்துக் கயிற்றை இறுக்கினால் சுருதி உயரும், தளர்த்தினால் தாழும். லிவர்பூல் நகரில் ஜோன் லெனன் 1956இல் அமைத்த ‘குவாரிமென்’ குழுவிலும் இத்தகைய பெட்டி இருந்தது. பின்னாளில் ‘பீற்றில்ஸ்’ என உலகம் அறிந்த குழுவின் மூலம் அதுவே.

அப்பெட்டியின் மறுமுனை எங்கே? ஒட்டுப்பலகையினாற் செய்து, உள்ளே உலோகத் தாள் ஒட்டி, ஓரங்களிலே தகரப் பட்டி அடித்த அப்பெட்டிகள் இந்தியா, இலங்கை முதலிய நாடுகளின் தோட்டங்களிலிருந்து கப்பலேறியவை. 1924இல் புகையிரதப் பாதை பதுளை வரை வந்த பின்னர், ஊவாத் தோட்டங்களின் ‘ஸ்டோர்’களில் நிரப்பப்பெற்ற பெட்டிகள் அவ்வழியே கொழும்புத் துறைமுகத்தை அடைந்தன. பெட்டியின் மேல் தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரமும் பொறிக்கப்பட்டிருக்கும். கொழுந்து பறித்தவளின் பெயர் எந்தப் பெட்டியிலும் இருந்ததில்லை. பண்டம் தன்னை உருவாக்கிய உழைப்பை மறைத்துக் கொண்டு சந்தைக்கு வருகிறது என்று மார்க்ஸ் விளக்கியதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டினை நாம் தேடவேண்டியதில்லை.

இனி, தொகுப்புக்கு வருவோம். ‘பீற்றில்ஸ் அந்தோலொஜி’ 1995 நவம்பரிலே தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பாயிற்று. 1996இல் எட்டு ஒளிநாடாக்களாக விற்பனைக்கு வந்தது. 2025இல் புதுப்பிக்கப்பெற்று ஒன்பதாவது பகுதி ஒன்றுடன் மீண்டும் வெளியாயிற்று. இதற்கான படச்சுருள்களைத் திரட்டும் பணியை, குழுவின் நெடுநாள் உதவியாளரும் பின்னர் அதன் நிறுவனமான ‘அப்பிள்’ஸின் நிர்வாகியுமான நீல் அஸ்பினால் 1970களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டார். எனவே இது இரசிகர் ஒருவரின் சேகரிப்பு அன்று. கதைக்கு உரியோரே கதையைத் தொகுத்து, அதன் உரிமையையும் தம்மிடமே வைத்துக்கொண்ட முயற்சியாகும். 1980இற் கொலையுண்ட லெனனின் குரல் பழைய நேர்காணல்களிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டது. ஏனைய மூவரும் நேரிலே பேசினர்.

இத்தகைய தொகுப்பிலே தொடக்க ஆண்டுகள் எப்போதும் மெலிந்தே காணப்படும். காரணம் எளிது. புகழ் வந்த பின்னரே கமரா வருகிறது. 1960 ஆகஸ்டில் அவர்கள் ஹம்பேர்க் நகரத்து இரவு விடுதிக்குக் கூலிக்கு வாசிக்கச் சென்றனர். ஆளுக்கு நாளொன்றுக்கு 30 மார்க். கிழமை நாட்களில் நாலரை மணிநேரம், சனிக்கிழமையில் ஆறு மணிநேரம் மேடையில் நிற்கவேண்டும். அவர்தம் இசையின் வலிமை அங்கேதான் உருவாயிற்று என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் அந்த உழைப்பினைத் தொகுப்பு அசையாப் புகைப்படங்களைக் கொண்டே உணர்த்த வேண்டியுள்ளது. ‘கவேர்ண்’ என்னும் லிவர்பூல் நிலவறை விடுதியிலே அவர்கள் ஏறத்தாழ முந்நூறு முறை வாசித்தனர். அவற்றுள் படச்சுருளில் எஞ்சியது ஒரு நாளே: 1962 ஆகஸ்ட் 22. கிரனாடா தொலைக்காட்சியினர் எடுத்த சில நிமிடங்கள் அவை.

இந்நாள் ஈண்டு நுணுகி நோக்கற்பாலது. இரண்டாண்டுகள், ஹம்பேர்க் உட்பட, குழுவின் முரசறைந்தவர் பீற் பெஸ்ற். அவர் நீக்கப்பட்டது 1962 ஆகஸ்ட் 16இல். அதாவது, கமரா வருவதற்கு ஆறு நாட்கள் முன்னர். ஆகவே, அந்நிலவறையில் இன்று நாம் காணும் முரசுக்காரர் அப்பொழுதுதான் வந்து சேர்ந்த றிங்கோ ஸ்ரார். பாட்டு முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் பீற்றையே வேண்டும் எனக் கூவுவது அப்பதிவிலே கேட்கிறது. படம் ஒன்று சொல்ல, ஒலி வேறொன்று சொல்லுகிறது! ஆவணம் என்பது எத்துணை முரண்பாடுடையது என்பதற்கு அந்த ஒரு கூவல் போதும். தொலைக்காட்சித் தொடருக்காகப் பெஸ்ற் பேட்டி காணப்படவில்லை. எனினும் உடன் வெளியான முதலாவது இசைத்தட்டுத் தொகுதியில் அவர் வாசித்த பத்துப் பதிவுகள் இடம்பெற்றமையால் அவருக்கு உரிமைப் பணம் கிடைத்தது. சட்டத்தின் கண்ணில் உழைப்பு பதிவானால் மட்டுமே உழைப்பு.

பதிவானவையும் எஞ்சுவதில்லை. காந்த நாடா விலையுயர்ந்ததாக இருந்தமையால் பி.பி.சி. நிறுவனம் பழைய நிகழ்ச்சிகளை அழித்து அதே நாடாவில் புதியவற்றைப் பதிந்தது. 1966 ஜூனில் அக்குழு பி.பி.சி.யின் ‘ரொப் ஒஃப் த பொப்ஸ்’ நிகழ்ச்சியிலே நேரடியாகத் தோன்றிய காட்சி இவ்வாறே மறைந்தது. வீட்டுத் தொலைக்காட்சித் திரையை எவரோ தம் சிறு கமராவினாற் படம்பிடித்த பதினொரு விநாடிகள் 2019இல் வெளிவந்தன. மறுபுறத்தில், 1957 ஜூலை 6இல் தேவாலய விழா ஒன்றிலே, தேயிலைப் பெட்டியுடன் குவாரிமென் பாடியதை இளைஞர் ஒருவர் ஒலிப்பதிவு செய்திருந்தார். லெனனும் போல் மக்காட்னியும் முதன்முதலிற் சந்தித்த நாளும் அதுவே. அந்நாடா 1994இல் 78,500 பவுணுக்கு ஏலம் போயிற்று. தேயிலைப் பெட்டியின் ஓசை ஏலத்திற்கு வந்து, தேயிலையைவிட விலை பெற்ற விந்தை அது.

ஸ்கிபிள் இசையின் ஊற்றுக்கண்ணும் உழைப்பின் பாட்டே. லொனி டொனகன் 1954இல் ஒலிப்பதிவு செய்து 1956இற் பெரும் புகழ் பெற்ற ‘றொக் ஐலண்ட் லைன்’ என்னும் பாடல், 1934இல் அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலச் சிறைகளிலே கறுப்பினக் கைதிகள் பாட, ஜோன் லோமாக்ஸ் பதிவு செய்தது. அடிமைப்பட்ட உழைப்பினரின் குரல் அரசாங்க நூலகத்தின் இயந்திரத்தால் பதிவாகி, இருபதாண்டுகளின் பின் லிவர்பூல் இளைஞரின் கைக்கு வந்தது. அடோர்னோ போன்றோர் வெகுசன இசை அனைத்தையும் பண்பாட்டுத் தொழிற்சாலையின் சரக்கு என ஒதுக்கினர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. சரக்காவதற்கு முன்னர் அது எவருடைய கையில் இருந்தது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

அதே கேள்வியை ஊவாவில் கேட்போம். பெட்டியின் இந்த முனையில் இசையே இல்லாதிருக்கவில்லை. விடியற்காலையில் லயத்து மக்களை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பின் ஒலி. அதே தப்பு மாசி மாதத்திலே காமன் கூத்துக்கும், இழவு வீட்டுக்கும், திருவிழாவுக்கும் முழங்கிற்று. ஒரே கருவி மூலதனத்தின் கடிகாரமாகவும் மக்களின் கலையாகவும் விளங்கியது. அதனை அடித்தவரோ சாதியடுக்கின் கீழ்ப்படியில் வைக்கப்பட்டவர். தோட்டத்தில் வர்க்கமும் சாதியும் ஒன்றையொன்று தாங்கி நின்றமையை அறிய விரும்புவோர் தப்பிலிருந்தே தொடங்கலாம்.

1940 மே மாதத்தில் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர், லங்கா சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்க வழிகாட்டலில், தமக்கென ஒரு சபையைத் தெரிவு செய்து, அச்சபையைக் கலந்து நடக்கும் நிலைக்குத் துரையையே கொண்டுவந்தனர். அவ்வாண்டில்தான் மீனாட்சியம்மாள் நடேசய்யரின் பாடல் நூல் வெளிவந்தது. தோட்டத்துக் கூட்டங்களிலே அவர் அக்காலத்துச் சினிமா மெட்டுக்களில் அரசியற் பாட்டுக்களைப் பாடினார். மெட்டை இரவல் பெற்றமை குறைபாடு என்பார் உளர். லிவர்பூல் இளைஞர் அமெரிக்க மெட்டுக்களை இரவல் பெற்றபோது அதனைக் கற்றல் என்கிறோம். இங்கு மட்டும் நகல் என்பது எவ்வாறு பொருந்தும்?

தோட்டத்து நாட்டார் பாடல்களைத் திரட்டிய சி.வி. வேலுப்பிள்ளை 1984இற் காலமானார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1987இல் வெளியாயிற்று. நமக்குக் கிடைத்த ‘தொடக்க காலத் தொகுப்பு’ என அதனையே கொள்ளலாம். ஆயினும் அச்சிலே சொல் நிற்கும். மெட்டும் தாளமும் நில்லா. இந்நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல். அதற்கு முன்னரே 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையும் பாடியவரையும் கேட்டவரையும் பிரித்துவிட்டிருந்தன. ஒரு லயத்தின் ஒப்பாரிக்காரி நீலகிரிக்குப் போக, அவளுடன் எதிர்க்குரல் எடுத்தவள் பதுளையிலே தங்கினாள் என்றால், பாட்டின் பாதி எங்கே கிடைக்கும்?

பெரட்டுத் தப்பைக் காதாற் கேட்டு எழுந்த தலைமுறை இன்று மிக மூத்துவிட்டது. பதிவுக் கருவியோ இப்பொழுது மாணவர் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் உள்ளது. இச்சங்கத்து மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது முதலிற் பதியவேண்டியது தப்பின் அடிவகைகளை: பெரட்டுக்கு ஒன்று, காமனுக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. பாட்டினை இடைமறித்துத் திருத்துதல் கூடாது. மறந்த அடிகளை நாமே நிரப்புதலும் கூடாது. பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், பதிவு செய்த நாள் ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பாட்டுக்காரியின் பெயரை எழுதிவிட்டு, பின்னால் நின்று தப்படித்தவரைப் பொதுப்பட ‘ஒருவர்’ என்று எழுதும் வழக்கம் நம் சேகரிப்பாளரிடையே உண்டு. அவர் பெயரையும் அதே வரியில், அதே எழுத்தில் எழுத வேண்டும்.